நான் ஓட்டாத வண்டி

இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனிக்கு ஷிஃப்டு பஸ் ஓட்டினேன். காலையில் கனகசெட்டிக்குளத்தில் முதல் ஆளை ஏற்றினால், கடற்கரைச் சாலை நெடுக ஒவ்வொரு நிறுத்தமாக நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு ஏழரைக்குள் கம்பெனி கேட்டில் இருப்பேன். யாராவது ஒருத்தி தலை வாராமல் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்தி வைப்பேன். திட்டிக்கொண்டேதான் நிறுத்துவேன். இத்தனை வருடத்தில் பஸ்ஸின் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இப்படிப்பட்ட ஆள்மேல்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்கு வந்தது.

நான் குடிக்காதவன் என்று சொல்லவில்லை. புதுச்சேரியில் பிறந்துவிட்டு அப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள்கூட நம்பமாட்டார்கள். ஆனால் எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். ஸ்டியரிங்கைத் தொடுகிற நாளில் கிளாஸைத் தொடுவதில்லை. கல்யாணமா, கருமாதியா, யார் வற்புறுத்தினாலும் இதில் மாற்றம் கிடையாது. என் மனைவியின் வீட்டார் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். மாப்பிள்ளை நம்மோடு உட்கார வேண்டுமென்றால் வேறு டிரைவரைக் கூட்டி வரவேண்டும் என்பார்கள்.

மகளுக்கு ஐந்து வயதில் காது குத்தினோம். குலதெய்வம் கோயில் திண்டிவனம் போகிற வழியில், எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடைய பழைய காரில் நாங்கள் நான்கு பேரும் போனோம். நான், மனைவி, மகள், மனைவியின் தம்பி. காது குத்துக்குத் தாய்மாமன் இல்லாமல் ஆகாது. அவன்தான் தோடு வாங்கியிருந்தான், பட்டுப்பாவாடை எடுத்திருந்தான். சீர்க்கூடையில் வாழைப்பழத்துக்கு அடியில் இரண்டு பாட்டிலையும் வைத்திருந்தான். நம் ஊரிலிருந்து போகிறவன் அது இல்லாமல் போனால் அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் நம்மை மனிதராகவே மதிப்பதில்லை.

மகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் கத்த ஆரம்பித்தாள். இவன் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்கு யானைக்கதை சொன்னான். வேட்டி சட்டையெல்லாம் அவள் அழுத ஈரம். என் மனைவி அவனுக்குப் பத்து வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் இவள்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவனைப் பார்க்கிறபோது அவள் முகம் எப்படி ஆகும் என்பது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும்.

கறி வெந்துகொண்டிருந்தபோது என்னைத் தோப்புக்குக் கூட்டிப் போனான். அவனே ஊற்றி, அவனே தண்ணீர் கலந்து, என் கையில் கொடுத்தான்.

"இன்னிக்கி நான் ஓட்டறேன் மாமா. ஒரு சொட்டு தொட மாட்டேன். உங்க பொண்ணு காதுகுத்து, இன்னிக்கிகூடக் குடிக்கலன்னா எப்ப குடிப்பீங்க?"

நம்பினேன். நம்பாமலிருக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. தீயணைப்புத் துறையில் வேலைக்குத் தேர்வாகி, ஓட்டம், உயரம், சான்றிதழ் எல்லாம் முடிந்து, போலீஸ் விசாரணை மட்டும்தான் அவனுக்கு மிச்சமிருந்தது. அப்படி இருக்கிற பையன் தப்புத்தண்டா செய்வானா என்று நினைத்தேன். மூன்று கிளாஸ் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். அவன்தான் ஓட்டினான். பக்கத்தில் நான், பின்னால் மனைவியும் மகளும். இங்கே எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. எங்கள் ஊரிலிருந்து வெளியே போகிற வண்டியைத்தான் நிறுத்துவார்கள், டிக்கியைத் திறந்து பாட்டில் தேடுவார்கள்; உள்ளே வருகிற வண்டியை யாரும் சீண்டமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எத்தனையோ வருடம் அப்படித்தான் இருந்தது. அதனால் போகும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள், வரும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம்.

எல்லை தாண்டி ஊருக்குள் நுழைந்ததும், கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு பஸ் நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்டிரெச்சர் வந்து ஒரு பெரியவரை இறக்கவேண்டியிருந்ததால் பஸ் நகரவில்லை. அதன் பின்னால் எங்கள் கார் நின்றது. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம், நூறடி தூரத்தில், போலீஸின் சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. தடுப்பு போட்டு ஒவ்வொரு வண்டியாக ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். கறி பரிமாறுகிற சாக்கில் தானும் இரண்டு ரவுண்டு போட்டுவிட்டதாகச் சொன்னான். நானே குடித்திருந்ததால் அவன் மேல் வந்த வாசனை எனக்குத் தெரியவில்லை. கேஸ் ஆனால் வேலை போய்விடும், எல்லாம் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவனை அறையத்தான் தோன்றியது. அதற்குள் பின்னாலிருந்து என் மனைவி பேசினாள்.

"என்னாங்க, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை, காரணம் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று கியருக்கு மேல் ஏறித் தாண்டினேன். என் வேட்டி ஹேண்ட்பிரேக்கில் மாட்டிக்கொண்டது. ஒல்லியான அவன் என் அடியில் நழுவி அந்தப் பக்கம் போனான். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஏன் உட்கார்ந்தேன் என்று பிறகு வக்கீல் கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் புரியும். காலையில் என் பெண்ணை மடியில் வைத்துக் காது குத்தியவன். அவள் காதில் மஞ்சள்கூட இன்னும் காயவில்லை. அன்றைக்கே தாய்மாமனைப் போலீஸ் பிடித்தது என்றால் அவளுக்குக் கல்யாணமாகிற வரைக்கும் சொந்தக்காரர்கள் அதையே பேசுவார்கள். தவிர, நான் குடித்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, வயிறு நிறையக் கறிச்சோறு வேறு. மெஷினில் ஒன்றும் காட்டாது என்று ஒரு மடத்தனமான தைரியம்.

பஸ் நகர்வதற்குள் ஒரு காவலர் வரிசையோடு நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். ஓட்டினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இடம் மாறிய பிறகு அந்தக் கார் ஓரங்குலம்கூட நகரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஊதினேன். மெஷின் தாராளமாகவே காட்டியது. சீட்டு வந்தது, கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிற நீங்களே இப்படிச் செய்யலாமா என்று வருத்தமாகக் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மச்சான் ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனை யாரும் ஊதச் சொல்லவில்லை.

காரை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள். நாங்கள் ஆட்டோவில் வீடு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் மச்சான் என் காலில் விழுந்தான். வேலை ஆர்டர் கைக்கு வரட்டும், பிறகு நானே கோர்ட்டில் ஏறி உண்மையைச் சொல்கிறேன் என்று மகளின் தலைமேல் கை வைக்கப் போனான். நான்தான் தடுத்தேன். குழந்தை மேல் சத்தியம் வேண்டாம், உன் பேச்சே போதும் என்றேன். பெரிய மனுஷத்தனம்.

மறுநாள் கம்பெனியில் மறைக்காமல் சொன்னேன். நிர்வாக அதிகாரி நல்லவர். ஆனால் நாற்பது பெண்கள் போகிற பஸ். சாவியை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டில் உட்கார வைத்தார். வழக்கில் விடுதலையானால் சாவி திரும்பக் கிடைக்கும், தண்டனை வந்தால் இனி எந்நாளும் பஸ் கிடையாது என்று விதியைப் படித்தே காட்டினார். புதிதாக வந்த டிரைவர் இரண்டாவது கியரை அரைத்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைவான். ஒவ்வொரு நாள் காலையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதினேன். இறங்குகிற பெண்கள் முதல் வாரம் வணக்கம் சொன்னார்கள். விஷயம் பரவிய பிறகு சில பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். குடிகாரப் புருஷனிடம் அடிபடுகிறவர்கள் அதில் நான்கைந்து பேர் உண்டு. அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை.

லைசென்ஸ் போலீஸிடம் போய்விட்டதால் ஸ்கூட்டரைத் தொடக்கூட எனக்கு மனமில்லை. மனைவிதான் என்னைப் பின்னால் உட்கார வைத்துத் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டாள். அதற்கு முன் அவள் கடைத்தெருவரைக்கும்தான் ஓட்டுவாள். எனக்காக ரவுண்டானாவைச் சுற்றப் பழகினாள். அதை நான் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

எல்லாரும் ஒத்துக்கொள், அபராதம் கட்டு, முடிந்தது என்றார்கள். எனக்குப் பஸ் வேண்டும். வழக்கை நடத்துவது என்று முடிவு செய்து ஒரு வக்கீலைப் பிடித்தேன். முப்பது வயது தாண்டிய பெண். அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, போலீஸிடம் நீங்கள் என்ன ஒத்துக்கொண்டீர்கள் என்பது கோர்ட்டில் செல்லாது, ஓட்டினது யார் என்பதுதான் கேள்வி என்றார். அதோடு இன்னொரு வழியும் சொன்னார். ஊதுகிற மெஷினைச் சரிபார்த்த சான்றிதழின் தேதி தாண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனையும் செய்யவில்லை. அதைப் பிடித்துக்கொண்டால் வழக்கு நிற்காது, மற்றதைப் பேசவே வேண்டாம் என்றார்.

நான் மறுத்துவிட்டேன். குடித்தது குடித்ததுதான். மெஷின் மேல் பழி போட்டு வெளியே வந்தால், குடித்துவிட்டு ஓட்டியவன் ஓட்டை கண்டுபிடித்துத் தப்பித்தான் என்றுதான் ஊர் பேசும். நான் ஓட்டவில்லை. அதை ஒருவர் கூண்டில் ஏறி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வக்கீல் இரண்டையும் சொல்லிவிடலாமே என்று கேட்டார். என் குணம் எனக்கு. முடியாது என்றேன்.

நான்கு மாதத்தில் மச்சானுக்கு ஆர்டர் வந்தது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். சீருடை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அடுத்த வாய்தா எப்போது என்று அவனாகக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே கேட்டேன். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம் மாமா, அதற்குள் எதுவும் வந்தால் தூக்கிவிடுவார்கள், அது முடியட்டும் என்றான். கோர்ட் உன் தகுதிகாண் பருவத்துக்குக் காத்திருக்குமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு போன் எடுப்பதை நிறுத்தினான். தீயணைப்பு நிலையத்துக்கே போய் வாசலில் நின்றேன். வண்டி கழுவிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். என் மகளுக்கு யானைக்கதை சொன்ன பையன்!

இனி மிச்சமிருந்த சாட்சி என் மனைவி. வக்கீல் அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, கேட்கப்போகிற கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். கார் எங்கே நின்றது, யார் ஓட்டி வந்தது, எப்போது இடம் மாறினார்கள். ஒவ்வொன்றுக்கும் தெளிவாகச் சொன்னாள். தம்பியின் பெயரைச் சொல்கிறபோது மட்டும் குரல் இறங்கியது. கோர்ட்டில் சத்தமாகப் பேசவேண்டும் என்று வக்கீல் சொன்னார். சரி என்றாள். வெளியே வந்ததும் அவளிடம், உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

சாட்சி சொல்லவேண்டிய நாள் காலையில் என் வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்தாள். காலர் நுனி மடங்காமல் இரண்டு தடவை அழுத்தினாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கடலூர் சாலைக் கோர்ட்டுக்குப் போனோம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்தாள். கோரிமேட்டில் கார் நின்றபோது அதை ஓட்டி வந்தது யார் என்று வக்கீல் கேட்டார்.

"நான் புள்ளைய மடியில வச்சிக்கினு தூங்கிட்டேங்க. போலீஸ் தட்டினப்பதான் முழிச்சேன். அப்ப இவருதான் அந்தப் பக்கம் இருந்தாரு."

வக்கீல் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். தூங்கிவிட்டேன் என்றாள். நீதிபதியே ஒரு முறை, பயப்படாமல் சொல்லுங்கள் அம்மா என்றார். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தூங்கிவிட்டேன் என்றாள். வக்கீல் சொல்லிக்கொடுத்ததில் அந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. அரசு வக்கீல் பாதி எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். எதிர்த்தரப்புக்கே கேட்க எதுவும் இல்லாதபடி என் சாட்சி சொல்லிவிட்டு இறங்கினாள்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கூண்டிலிருந்து இறங்குகிறபோது அவள் புடவை தடுக்கியது. கை நீட்டிப் பிடிக்கப் போனேன். பழக்கம்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. அபராதமும் ஆறு மாதம் லைசென்ஸ் ரத்தும். அந்த இரண்டு வாரமும் நாங்கள் மகளை நடுவில் வைத்துக்கொண்டு சோறு, பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் என்று பேசினோம். வேறு எதையும் பேசவில்லை. தீர்ப்பன்று வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மேல்முறையீடு செய்யலாம், மெஷின் சான்றிதழ் இன்னும் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். யாரை எதிர்த்து முறையிடுவது?

வீடு திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முதுகும் ஹெல்மெட்டும்தான் தெரிந்தன. முகத்தைப் பார்த்திருந்தால் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

"தூங்கவே இல்லையேடி நீ."

சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்து நிறுத்திய பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"உங்களுக்கு ஆறு மாசம். அவனுக்கு ஆயுசு."

ஆறு மாதம் இல்லை, எனக்குப் பஸ் போய்விட்டது என்றேன். தெரியும் என்றாள். அந்த வக்கீலம்மா மெஷினைப் பிடித்துக்கொள்ளலாம் என்றபோதே கேட்டிருந்தால் உங்களுக்குப் பஸ்ஸும் இருந்திருக்கும், அவனுக்கு வேலையும் இருந்திருக்கும், எனக்கும் கூண்டில் ஏறுகிற வேலை இருந்திருக்காது என்றாள். ஆனால் என்னைப் பிசைந்தது அது இல்லை. சட்டை இஸ்திரி போட்டது. வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையைச் சொல்லிப் பழகியது. காலை வரைக்கும் என்னை நம்ப வைத்தது.

"முந்தின நாளே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நானே போய் ஒத்துக்கினு இருப்பேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அவள் வண்டியை எடுக்காமல், முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள்.

"ஒத்துக்குவீங்க. எனக்குத் தெரியும். ஒத்துக்கினு, ஆயுசுக்கும் சொல்லிக்காட்டிக்கினே இருப்பீங்க. அத எங்களால தாங்க முடியாதுங்க."

பிறகு வண்டியை எடுத்தாள்.

நான் அப்படிப்பட்ட ஆளா என்று அன்றைக்கு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்காகக் கியரைத் தாண்டி உட்கார்ந்தவனைப் பார்த்து இப்படிச் சொல்கிறாயே என்று மனதுக்குள் கத்தினேன். இதுவரை அவளிடமோ அவனிடமோ ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. பொங்கலுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், என் பெண்ணுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறான், நான் இலைக்குத் தண்ணீர் தெளிக்கிறேன். கேட்டில் உட்கார்ந்து பதிவேடு எழுதுகிறேன். அவள் நினைத்தது பொய் என்று காட்டிவிட்டதாகவே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று இதை எழுதி முடித்து முதல் வரியிலிருந்து படித்துப் பார்க்கிறேன். எந்தக் கிளாஸை யார் ஊற்றியது, எந்தச் சட்டையை யார் இஸ்திரி போட்டது, ஒன்றைக்கூட நான் விடவில்லை.